பென்குயினுக்கு யார் போர்மேன்?

1

போன வாரம் என் மகள் ஜெனி படிக்கிற பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அயர்லாந்துக்கு, இந்தக் கார்க் நகரத்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் இந்தக் கூட்டம் என்றால் எனக்குப் பயம்தான். நம் ஊரில் பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால் பிள்ளை எதையோ உடைத்துவிட்டது என்று அர்த்தம். இங்கே டீயும் பிஸ்கட்டும் கொடுத்து நம்முடைய அபிப்பிராயத்தைக் கேட்கிறார்கள். நாம் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் பிள்ளைக்கு மானம் போகிறது.

அன்றைக்குத் தலைமையாசிரியை எழுந்து ஓர் அறிவிப்புச் செய்தார். வருகிற வருடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் லினக்ஸுக்கு மாற்றப் போகிறார்களாம். உலகம் முழுக்கப் பலர் கூடி எழுதி, சும்மா கொடுக்கிற மென்பொருள். லைசென்ஸுக்கென்று ஒரு காசு கட்ட வேண்டியதில்லை என்று விளக்கினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் செல்வினுக்கு முகமெல்லாம் பல். கல்யாணத்தன்று அந்த மனுஷர் இப்படிச் சிரித்த போட்டோ ஒன்றுகூட எங்கள் ஆல்பத்தில் கிடையாது.

நான் கையைத் தூக்கினேன். ஜெனி நாற்காலிக்குள் சரிந்து இறங்கினாள்.

"இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?" என்று என் இங்கிலீஷில் கேட்டேன்.

தலைமையாசிரியை பின்வரிசையைக் கைகாட்டினார். அங்கே வாட்டசாட்டமான ஓர் ஆள், கையில் ஒரு பெரிய டீக்கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். டெக்னீஷியன். இதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் என்று முடிவெடுத்த அன்றைக்கே அவர் சம்பளத்தை ஒதுக்கிவிட்டார்களாம். அந்த ஆள் என்னைப் பார்த்துக் கோப்பையை லேசாக உயர்த்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க ஒடுக்கமான சிரிப்பு இல்லை, சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டிக்குப் போகிற பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற சிரிப்பு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வின் மட்டும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காரணம் தெரியும். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஜெனி, "இனிமே மீட்டிங்குக்கு டாடி மட்டும் வரட்டும்" என்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். ஏன் சிரித்தேன் என்று அவளுக்குக் காரிலேயே சொன்னேன். பாதி இங்கிலீஷில் சொன்னதால் கதை சப்பென்று ஆகிவிட்டது. உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்கிறேன்.

2

நான் நர்ஸ். செல்வின் கம்ப்யூட்டர்காரர். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், மத்தியானத்துக்கு மேல் லினக்ஸ். இரண்டில் எதற்கு அவர் பக்தி அதிகம் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். காசுக்கு விற்கிற மென்பொருளைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், பாஸ்டரே தோற்றுப் போகிற அளவுக்குப் பிரசங்கம் பண்ணுவார். அறிவை விலைக்கு விற்கக்கூடாது என்பார். சரி, உங்கள் சம்பளத்தை மட்டும் ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு உப்பில்லை என்பார்.

2005 கோடையில் லீவுக்கு ஊருக்குப் போனோம். என் அண்ணன் சாமுவேலுக்குச் சிவகாசியில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. அண்ணன் மனைவி ரூபி மதினி எம். புதுப்பட்டிப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகளின் அப்பா அம்மாவெல்லாம் வெடி ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை பார்க்கிறவர்கள்; எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். மதினி படித்தது கணக்கு. கூடவே ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோவும் வைத்திருந்ததால் கம்ப்யூட்டர் வகுப்பும் அவள் தலையில். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். நாங்கள் இரண்டு பேரும் வாடீ போடீ.

அந்தச் சமயம் அந்தப் பள்ளிக்கூடத்தின் தாளாளர் கனகராஜ் ஐயா கலங்கிப்போய் இருந்தார். திருட்டு சிடி போட்ட கம்ப்யூட்டர்களை ரெய்டு பண்ணப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஐயாவுக்கு விஸ்வநத்தத்தில் சொந்தமாக வெடி ஆபீஸ் இருந்தது. லைசென்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே அந்தப் பக்கத்து முதலாளிகளுக்கு நெஞ்சு படபடக்கும். செல்வினுக்குக் கேட்க வேண்டுமா? விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

லீவில் ஒரு வாரம் முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் லேப்பிலேயே கிடந்தார். எல்லா மெஷினிலும் லினக்ஸ் போட்டு முடித்து, ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் லினக்ஸின் சின்னமாக இருந்த பென்குயினை வெகுநேரம் பார்த்தார்.

"லேபிள் நல்லாருக்கு மாப்ளே. வெடிப் பெட்டியில யானை, கிளி எல்லாம் நம்ம பக்கம் போட்டாச்சு. இது யாரும் போடலை. அது சரி, சும்மா குடுத்தா செஞ்சவனுக்கு எப்பிடிக் கட்டுபடியாகும்?"

"லாபத்துக்காகச் செய்யலைங்க ஐயா. உலகம் பூரா இருக்கிறவங்க சேர்ந்து செய்றாங்க."

"அம்புட்டுப் பேரும் சும்மாவா? சரி, இருக்கட்டும். இதுக்குப் போர்மேன் யாரு?"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். வெடி ஆபீஸில் போர்மேன் இல்லாமல் எந்த அறையையும் திறக்கக்கூடாது. பரீட்சை எழுதி, சர்டிபிகேட் வாங்கிய ஆள் அவர். வெடிமருந்து கலப்பதிலிருந்து கதவைப் பூட்டுவது வரைக்கும் அவர் பொறுப்பு. ஏதாவது ஆகிவிட்டால் முதலில் அவரைத்தான் பிடிப்பார்கள்.

"அப்படித் தனியா யாரும் கிடையாதுங்க. பிரச்சினைன்னா மெயில் போட்டாப் போதும். பிரேசில், ஜெர்மனின்னு எங்கிருந்தாவது ஒருத்தர் பதில் போட்டுருவாரு" என்றார் செல்வின்.

"அந்தாளு லீவு போட்டா யாருகிட்டச் சொல்லுவாரு?"

செல்வின் சிரித்தார். நானும் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை. மதினி பக்கம் திரும்பி, "அப்ப டீச்சர்தான் போர்மேன்" என்று முடித்துவிட்டார்.

நாங்கள் விமானம் ஏறுவதற்கு முன்னால் லேப் கதவுக்குப் பக்கத்தில் பெயின்டரை விட்டு எழுதிவிட்டார்கள், வெடி அறைகளின் சுவரில் எழுதியிருக்கிறதே அதே மாதிரி, சிவப்பு எழுத்தில்: அறைக்குள் இத்தனை பேருக்கு மேல் அனுமதி இல்லை, போர்மேன் திருமதி ரூபி சாமுவேல். மதினியை அதன் அடியில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம். விழுந்து விழுந்து சிரித்தோம்.

3

இங்கே ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் "கிராண்ட்", அதாவது நன்றாக இருக்கிறேன் என்பார்கள். காலை ஆபரேஷன் முடிந்து, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிற கிழவர்கூட "ஐ ஆம் கிராண்ட்" என்பார். புதிதில் அதை நம்பிப் போய்விடுவேன். வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அவர்கள் கிராண்ட் என்றால்தான் நீ நின்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பாடம் மதினி விஷயத்தில் எனக்கு உறைக்க வெகுகாலமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசுவோம். மதினி எடுத்ததும், "நல்லாருக்கோம், எல்லாரும் சௌக்கியம், அண்ணன்கிட்டக் குடு" என்பாள். அண்ணன் என்பது செல்வின். அப்புறம் கார்டு தீர்கிறவரைக்கும் இரண்டு பேரும் லினக்ஸ் பேசுவார்கள். பெற்ற அம்மாவுக்கு முடியவில்லையா, மழை பெய்ததா, ஒரு சேதி எனக்குத் தெரியாது. பிரிண்டர் ஒரு வரி அடித்துவிட்டு ஒரு தாளைத் துப்புகிறது என்று தெரியும்.

பிரிண்டர் ஒரு பக்கம். பழைய வினாத்தாள்கள் எல்லாம் ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்தவை. புதுசில் திறந்தால் கோழி கிளறிய மாதிரி இருந்தது. மதினி உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தாள். அடித்ததைக் கொண்டுபோய்ச் சிவகாசி அச்சகத்தில் கொடுத்தால், "டீச்சர், இந்தப் பைலு எங்ககிட்டத் திறக்கலையே. காலண்டர் சீசன் வேற, உக்காந்து அடிக்க இங்கன யாருக்கு நேரம்?" என்று கையை விரித்துவிட்டார்கள். அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அதே வினாத்தாளை அவர்கள் மெஷினில் இன்னொரு தடவை அடித்தாள். கரண்ட் போய் வந்தால் ஏதாவது ஒரு மெஷின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கக்கும். அதை ஓர் எழுத்து விடாமல் போனில் வாசிப்பாள். இவர் இங்கேயிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பதில் சொல்லுவார்.

நல்லதும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வைரஸ் தொல்லை ஒழிந்தது. ஓட்டை மெஷின்கள்கூட ஓடின. பிள்ளைகள் லினக்ஸ் சிடியை வீட்டுக்கே எடுத்துப் போனார்கள், யாரும் திருட்டு என்று சொல்ல முடியாது. மதினிக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. மற்ற டீச்சர்கள் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எது கேட்டாலும், "அது ரூபி டீச்சருக்குத்தான் தெரியும்." அவளுக்குக் காய்ச்சல் வந்தால் லேப்புக்குப் பூட்டு. ஐயாவின் சட்டம் அது. போர்மேன் இல்லாமல் கதவு திறக்காது.

ஒரு நாள் மதினி துணிந்து ஐயாவிடம் கேட்டாளாம். "வெடி ஆபீஸ்ல போர்மேனுக்குத் தனிச் சம்பளம் குடுக்கீகளே ஐயா, எனக்கும் ஏதாச்சும் பாத்துச் செய்யக்கூடாதா?"

"சும்மா கிடைச்ச சாமானுக்கு ஆள் சம்பளமா? என்ன டீச்சர் நீங்க" என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இதைப் போனில் சொல்லும்போது மதினியும் சிரித்தாள். செல்வினும் சிரித்தார். எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சுருக்கென்றது.

4

வருடா வருடம் இங்கே போலீஸ் ஸ்டேஷனில் போய் வரிசையில் நின்று எங்கள் குடியிருப்பு அனுமதி அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். கவுண்டரில் இருக்கிறவருக்கு எங்கள் பெயர்கள் தீராத தலைவலி. எனக்குப் பின்னால் என் அப்பா பெயர், செல்வினுக்குப் பின்னால் அவர் அப்பா பெயர், ஜெனிக்குப் பின்னால் செல்வின். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் எப்படி என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். ஒவ்வொரு வருடமும் விளக்குவோம். ஜெனி எங்களைத் தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கல்யாணச் சர்டிபிகேட், படிப்புச் சர்டிபிகேட் எதைக் காட்டினாலும் பார்த்துவிட்டு அப்போதே கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

ஊரில் அப்படியில்லை. வேலைக்குச் சேருகிற அன்றைக்கே அசல் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்வார்கள். மதினியுடையது கனகராஜ் ஐயாவின் பீரோவில் இருந்தது.

மதினி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்து, புதுப்பித்துப் புதுப்பித்தே தலையில் நரை கண்டவள். அண்ணனுக்கு லாரி புக்கிங்கில் தீபாவளி சீசனுக்குத்தான் கையில் காசு புழங்கும். மற்ற மாதமெல்லாம் மதினியின் சொற்பச் சம்பளம்தான். அப்படி இருக்கும்போது கதவைத் தட்டி வந்தது அரசாங்க உத்தரவு. ராமநாதபுரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. குறிப்பிட்ட தேதிக்குள் அசல் சர்டிபிகேட்டுகளோடு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அன்றைக்கு அண்ணன்தான் போன் பண்ணினான். சந்தோஷத்தில் உத்தரவை இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். நான் டூட்டி உடையிலேயே சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஜெனி பயந்துபோய், "யாரு செத்துட்டாங்க?" என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் திரும்ப அழைத்தான். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது.

"எஸ்தரு, ஐயா சர்டிபிகேட் தர மாட்டேங்கிறாரு."

"ஏன்?"

"சந்தோசம்தான் டீச்சர், நல்லாருங்கன்னு வாழ்த்துதாரு. அடுத்த போர்மேன் வந்து பொறுப்பெடுத்ததும் வாங்கிக்கிட்டுப் போங்கங்காரு. நான் எங்கன போய் ஆளைத் தேட? உன் வீட்டுக்காரரு விட்டுட்டுப் போன பென்குயினு இப்ப எங்க சோத்துல வந்து உக்காந்திருக்கு."

5

செல்வின் அன்றைக்கே மெயில் போட்டார், உலகத்துக்கே. சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட லேப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை, அவசரம் என்று. பதில்கள் மடமடவென்று வந்தன, அதில் பொய்யில்லை. பிரேசிலிலிருந்து ஒருவர் வாழ்த்துச் சொன்னார். பெங்களூர்க்காரர் ஒருவர், நீங்கள் போட்டிருக்கிற லினக்ஸே சரியில்லை, வேறு லினக்ஸ் போட்டிருக்க வேண்டும் என்றார். அதற்கு ஒரு ஜெர்மன்காரர் மறுப்பு எழுதினார். பிறகு அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள், மற்றவர்கள் கட்சி சேர்ந்தார்கள். எம். புதுப்பட்டிக்கு எந்த பஸ் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மதுரையில் ஓர் ஆள் கிடைத்தார். அவர் கேட்ட சம்பளத்துக்கு மதினி மாதிரி மூன்று டீச்சரை வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் செல்வின் ஐயாவுக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயா, டீச்சரை விட்டுருங்க. எந்தப் பிரச்சினைன்னாலும் நான் இங்க இருந்தே போன்ல சொல்லிச் சரிபண்ணித் தர்றேன். என் பொறுப்பு."

"மாப்ளே, நீங்க நல்லவுக. உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. மருந்து ரூம்ல தீப்பிடிச்சா போர்மேன் போன்ல இருந்தாப் போதுமா, சொல்லுங்க?"

செல்வின் போனை வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பரீட்சையா எழுதினா அவ, போர்மேன் ஆக? உங்களை யாரு லினக்ஸ் போடச் சொன்னது?" என்று அவரிடம் பாய்ந்தேன்.

"சாப்ட்வேர் மேல என்ன தப்பு? பாத்துக்கிற ஆளுக்குன்னு அந்தப் பள்ளிக்கூடம் முதல்லயே பணம் ஒதுக்கியிருக்கணும்."

"அதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"யாரும் கேக்கலையே."

"கேட்டாரே! போர்மேன் யாருன்னு கேட்டாரே! நாமதானே சிரிச்சோம்?"

ஜெனி டிவி சத்தத்தைக் கூட்டினாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சமையல் நடந்தது, சாப்பாடு நடந்தது, பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. அங்கே தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

6

கதையை முடித்து வைத்தது மதினிதான். நேராக ஐயாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள்: "ஐயா, முந்தி இருந்த விண்டோஸுக்குப் போர்மேன் யாரு?"

"சிவகாசிக் கடைக்காரன். கூப்பிட்டா ஆளை அனுப்பிருவான்."

"அப்ப அதையே திருப்பிப் போட்டு, ரூமை அவன்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போறேன். சர்டிபிகேட் தருவீகளா?"

ஐயா மேஜையில் விரலால் கணக்குப் போட்டிருக்கிறார். மதுரை ஆளுக்குக் கொடுக்கிற வருடச் சம்பளம் ஒரு பக்கம். எல்லா மெஷினுக்கும் ஒழுங்காக லைசென்ஸ் வாங்கி, கடைக்காரனுக்குக் கூப்பிடுகிற போது கொடுக்கிற கூலி இன்னொரு பக்கம். ரெய்டு பயமும் போய்விடும். அன்று மாலையே செல்வினுக்குப் போன் போட்டு, "மாப்ளே, ஓசியில வந்தது கட்டுபடியாகலை" என்று மரியாதையோடு தெரிவித்தார். இவர் சரிங்க, சரிங்க என்று மட்டும் சொன்னார்.

சனியும் ஞாயிறும் மதினி தனியாக உட்கார்ந்து எல்லா மெஷினையும் மாற்றினாள். கடைக்காரன் அனுப்பிய ஆள் பக்கத்தில் நின்று, எங்கே படித்தீர்கள் என்று கேட்டானாம். திங்கட்கிழமை சர்டிபிகேட்டுகள் கைக்கு வந்தன. கடைசித் தேதியன்று ராமநாதபுரம் பக்கம் போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது ஊரிலிருந்து அவளே பேசினாள். வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டதாம், தண்ணீர் மட்டும் உப்பாம். வெகுநாள் கழித்து என்னோடு நெடுநேரம் பேசினாள். அம்மாவின் முட்டுவலி, அண்ணன் லாரி ஆபீஸை விட்டுவிட்டு வரலாமா என்ற யோசனை, எல்லாம் சொன்னாள். எனக்கு அவள் குரலைக் கேட்கக் கேட்க வயிறு குளிர்ந்தது. செல்வின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். போனை வாங்கி, நல்லாருக்கீங்களா என்று கேட்டுவிட்டுத் தயங்கினார்.

"டீச்சர், ஒரு மெஷின்லயாவது லினக்ஸை விட்டு வச்சீங்களா?"

"ஒண்ணுல வச்சிருந்தேண்ணே. அந்த ஓரத்து மெஷின்ல. கிளம்புற அன்னைக்கு அதையும் அழிச்சிட்டுத்தான் பஸ் ஏறினேன்."

"அதை மட்டுமாவது விட்டிருக்கலாமே. அது யாருக்கும் தொந்தரவு குடுக்காதே."

"விட்டிருந்தா என்னைக்காவது மக்கர் பண்ணும்ணே. நான் இங்கன கிளாஸ் எடுத்துக்கிட்டு இருப்பேன். அங்கன இருந்து போன் வரும். எடுக்கக்கூடாதுன்னுதான் நினைப்பேன். ஆனா எடுத்துருவேண்ணே. அதான் அழிச்சிட்டேன்."